கழற்றிப் பூட்டும் முன்சில்லு

1

நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய நாளை என் அண்ணை வருடா வருடம் கொண்டாடுவார். அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டில் அன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும், சாப்பாடு முடிய ஒரு பேச்சும் இருக்கும். எங்களை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான் என்பதால் அந்தப் பேச்சைக் குறுக்கே வெட்ட இதுவரை யாரும் துணிந்ததில்லை. இந்த வருடம் நான் வெட்டினேன். பாயாசம் வரும் நேரம் பார்த்து, "நான் ஒரு ட்ரெயிலர் வாங்கிப்போட்டன்" என்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நெல்மூட்டை ஏற்றும் பெட்டியை நினைத்துக்கொள்ளக்கூடாது. இது சில்லுப் பூட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மடித்து வைக்கிற மேசை. வான் வண்டிக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு ஏரிக்கரைக்கோ காட்டுக்கோ போய் நிறுத்தி, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கலாம். கோடைகாலத்தில் வடக்கே போகும் பெருந்தெருவைப் பார்த்தால் பாதிச் சனம் இப்படித்தான் திரிகிறது. அந்தச் சனத்தில் நாங்கள் மட்டும் இல்லை.

"உனக்கென்ன விசரே?" என்றார் அண்ணை. "அறுவது வயசிலை காசு குடுத்துக் காட்டுக்கை போய்ப் படுக்கப் போறியோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சால் உடம்புக்கு நல்லது."

என் மகள் ஆரணி கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். இங்கே பிறந்தவள். மிசிசாகாவில் ஒரு அடுக்குமாடிக் கொண்டோவில் தனியாக இருக்கிறாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? நான் ஃபிரெண்ட்ஸோட காம்பிங் போறது வேற. யூ ஆர்... அம்மா" என்றாள். நான் அம்மா என்பது எனக்குத் தெரியும், அதற்கும் ஏரிக்கரைக்கும் என்ன பகை என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் தொலைபேசிக்குள் போய்விட்டாள்.

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லி எழுத இன்னும் கை வரவில்லை, மன்னிக்கவும். ட்ரெயிலர் வரப்போவது அவருக்கு முன்பே தெரியும். ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையல்கூடத்தில் வேலை செய்து இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றேன். விடியாத இருட்டில் வீட்டுக்குப் பக்கத்தில், வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறி, எங்கெங்கோ பறக்கிற சனத்துக்குத் தட்டுத் தட்டாகச் சோறும் பணிஸும் அடைத்தேன். அவர்கள் பறந்தார்கள். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் நான் பார்த்த காட்சி நயாகரா நீர்வீழ்ச்சி மட்டும்தான். அதுவும் ஊரிலிருந்து விருந்தாளிகள் வரும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக் காட்டி, அந்தத் தண்ணீருக்கே என் முகம் பாடமாகியிருக்கும். ஓய்வு பெற்றவுடன் எல்லோரும் எனக்குக் கோயிலையும் குழந்தைப்பிள்ளை பராமரிப்பையும் எழுதி வைத்திருந்தார்கள். கோயிலுக்குப் போவேன். மற்றதை அவர்களே செய்யட்டும்.

2

இவருக்கு ட்ரெயிலர் பிடிக்காததற்குக் காசு காரணம் இல்லை. காடும் இல்லை. வாங்கப் போகிறேன் என்று நான் முதன்முதல் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பெட்டியிலை வீட்டை ஏத்தினது போதும். நீர் போறதெண்டால் போம். நான் வரேல்லை."

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஒரே இரவில் கிளம்பிய நேரம், எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவரின் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. இவர் என் தையல் மெஷினைத் தூக்கி ஏற்றினார். அந்த மெஷினில் சட்டை தைத்துத்தான் நாங்கள் அப்போது சாப்பிட்டோம். கொஞ்சத் தூரம் போனதும் வழியில் நடக்கமாட்டாமல் நின்றவர்களை ஏற்ற வேண்டியிருந்தது. மெஷினை இறக்கச் சொன்னார்கள். இறக்கத்தான் வேண்டும், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. இவர் தன் கையாலேயே இறக்கி வீதியோரத்தில் வைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தன் தோளில் போட்டிருந்த துவாயை எடுத்து மெஷினை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் பேசியதில்லை.

எனக்கும் அது நோகாமல் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்கமாட்டேன் என்கிறது. எங்களைத் துரத்தினவர்கள் வீட்டையும் எடுத்தார்கள், வளவையும் எடுத்தார்கள். போவது, வருவது, வழியில் நின்று தேத்தண்ணி வைத்துக் குடிப்பது என்ற சந்தோசத்தையும் அவர்களுக்கே விட்டுவிட வேண்டுமா? பயணம் என்றாலே பயம் என்று வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்தால் துரத்தினவன் இன்னும் துரத்திக்கொண்டுதான் இருக்கிறான் என்று அர்த்தம்.

"அப்ப அவங்கள் சொன்ன நேரத்துக்குப் போனம்," என்று இவரிடம் சொன்னேன். "இப்ப நான் நினைச்ச நேரத்துக்குப் போவன். நினைச்ச நேரத்துக்குத் திரும்பி வருவன். வராட்டில் நீங்கள் வீட்டிலை இருங்கோ."

அவர் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

3

விற்றவர் ட்ரெயிலரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்பக்கம், கார் விடும் பாதையில் நிறுத்திவிட்டுப் போனார். யாரோ மாநகரசபைக்கு முறைப்பாடு செய்துவிட்டார்கள். யார் என்று அண்ணைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு அதை அறிய அக்கறை இல்லை. இளவயது அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையான பிள்ளை. வீட்டுக்கு முன்னால் ட்ரெயிலர் நிற்கக்கூடாது, பின்வளவில் நிற்கலாம், அடுத்த திங்கட்கிழமை திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொன்னார். எல்லாவற்றையும் இவரைப் பார்த்தே சொன்னார். கதவைத் திறந்தது நான், ட்ரெயிலர் இருப்பது என் பெயரில்.

இவர் ஆங்கிலத்தில், "பிரச்சினை இல்லை, நாங்கள் அதை விற்கப் போகிறோம்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இவரை விலத்திக்கொண்டு முன்னால் வந்து, "நோ செல்லிங். ஐ வில் கீப் இற் இன் மை பாக்சைட்" என்றேன். அதிகாரி இருமினார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உட்காருகிற இடம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று ஆரணி பிறகு தொலைபேசியில் விளக்கினாள். இருக்கட்டும். அதிகாரிக்கு விளங்கியது, எழுதிக்கொண்டும் போனார்.

சொன்னது சொல்லியாயிற்று. எப்படிப் பின்னுக்குக் கொண்டுபோவது? எங்களுடையது பழைய பங்களோ வீடு. சுவருக்கும் வேலிக்கும் நடுவால் சீமெந்துப் பாதை ஒன்று பின்வளவுக்குப் போகிறது. வானோடு கொழுவி, பின்னுக்கு எடுத்து உள்ளே விட வேண்டும். ட்ரெயிலரோடு வானைப் பின்னுக்கு எடுக்க எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. அது மட்டுமல்ல, பாதை முடிகிற இடத்தில் வீட்டு மூலையைச் சுற்றித் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் வான் மடங்காது, கையால்தான் திருப்ப வேண்டும்.

அதற்குத்தான் இந்தச் சில்லு. ட்ரெயிலரின் முன்பக்கம் கூராக மூக்கு மாதிரி நீண்டிருக்கும். வானிலிருந்து கழற்றினால் அந்த மூக்கைத் தாங்க ஒரு இரும்புக் கால் இருக்கிறது. கைபிடியைச் சுழற்றினால் கால் நீளும், சுருங்கும். அடியில் ஒரு தட்டு. தட்டில் நின்றால் நின்ற இடத்தில் நிற்கும். தட்டைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய ஒரு சின்னச் சில்லை அதில் பூட்டினால் ட்ரெயிலரை ஆட்கள் சேர்ந்து தள்ளித் திருப்பலாம். தெருவில் ஓட முன்பு அதைக் கழற்றிவிட வேண்டும்.

சமையல்கூடத்தில் இப்படிச் சில்லுப் பூட்டிய வண்டில்களோடுதான் என் காலம் போனது. அந்தத் தைரியத்தில் கடைக்குப் போனேன். இரும்புக் காலின் அளவை என் தையல் நாடாவால், சட்டைக்கு இடுப்பு எடுக்கிற மாதிரிச் சுற்றி அளந்துகொண்டு போய், "ஏழு இஞ்சி" என்றேன். கடைக்காரப் பெடியன் என்னைத் தாண்டி, மனமில்லாமல் கூட வந்திருந்த இவரைப் பார்த்து, அப்படி ஒரு கால் லொறிக்குக்கூட இல்லை என்று சிரித்தான். ஒரு சின்னச் சில்லை எடுத்து இவர் கையில் கொடுத்தான். வீட்டில் வந்து பார்த்தால் அது காலில் ஏறவே இல்லை. வட்டத்துக்குக் குறுக்காக அளக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தநாள் தனியாகப் போனேன். இரண்டேகால் இஞ்சி என்று சொல்லி, சரியானதை நானே கடை அலுமாரியிலிருந்து எடுத்தேன். "உங்களுடைய கணவர் வரவில்லையா?" என்று கேட்டான். "அவருக்கு இதில் அளவு தெரியாது" என்றேன்.

பூட்டுவது கடினமில்லை. பெரிய சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்து இறுக்கினேன். மூக்குக்கு அடியில் பலமான கட்டைகளை அடுக்கி, அதன் மேல் பாரத்தை இறக்கினேன். கால் அந்தரத்தில் சுருங்கியது. பூட்டு ஊசியை இழுத்துத் தட்டைக் கழற்றி, சில்லை ஏற்றி, ஓட்டைக்கு ஓட்டை நேராக்கி ஊசியைச் செருகினேன். பிறகு காலை நீட்டி, மூக்குக்கு அடியில் அடுக்கியதை எடுத்துவிட்டேன். கையெல்லாம் கிறீஸ். இவர் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும் திரையை இழுத்துவிட்டார்.

4

சனிக்கிழமை தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று அண்ணையையும் ஆரணியையும் கூப்பிட்டிருந்தேன். அண்ணை வரும்போதே கையில் தட்டம், கற்பூரம், தேங்காய், தேசிக்காய்.

"வாங்கினது வாங்கியாச்சு. புது வாகனத்தைத் தேசிக்காய் நசிக்காமல் அசைக்கப்படாது," என்றார்.

எதிர்த்து நின்ற மனிதரே பூசைக்கு வந்து நிற்கிறார் என்று எனக்கும் சந்தோசம். ஊரில் சைக்கிளுக்கே தேசிக்காய் வைத்த பரம்பரை நாங்கள். பெரிய சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொன்று வைத்தார். சின்னச் சில்லும் சில்லுத்தானே என்று அதற்கு முன்னாலும் ஒன்று. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி எல்லாம் முடிந்தது. இனித் தேசிக்காய் நசிய வேண்டும். காரென்றால் ஆள் ஏறி ஓட்டலாம். ட்ரெயிலருக்கு இயந்திரம் இல்லை.

"மச்சான், உந்தக் கட்டையளை எடும்," என்று அண்ணை இவரிடம் சொன்னார். "ஒரு முழம் உருண்டால் காணும். பிறகு வைப்பம்."

இவர் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் முற்றத்துப் பாதை தெருவைப் பார்த்துச் சரிவு என்பது எனக்குத் தெரியும். சமையல்கூடத்து வண்டில்களில் காலால் அழுத்துகிற பிரேக் இருந்தது, இந்தச் சில்லில் இல்லை என்பதும் தெரியும். தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் மறந்து நின்றேன்.

தேசிக்காய் நசிந்தது. "முருகா!" என்றார் அண்ணை சந்தோசமாக. ட்ரெயிலர் நிற்கவில்லை.

படம் பிடித்துக்கொண்டிருந்த ஆரணிதான் முதலில் கத்தினாள். "அம்மா, இற்ஸ் மூவிங்! இற்ஸ் நொற் ஸ்ரொப்பிங்!" அண்ணை தட்டத்தோடு சரியாக மூக்குக்கு முன்னால் நின்றார். "அண்ணை, விலத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஒரு பக்கம் பாய்ந்தார், தட்டம் ஒரு பக்கம் பறந்தது. சின்னச் சில்லு தன் பாட்டில் திரும்பி ட்ரெயிலரைப் பாதையிலிருந்து இழுத்தது. மழையில் ஊறிய புல்தரையில் இறங்கி, அச்சு வரைக்கும் புதைந்து, நடைபாதையை எட்டக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்க் கட்டைகளைச் சில்லுக்கு அடியில் உதைந்து இறுக்கினேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இவர் ட்ரெயிலரின் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி புல்லில் முழங்காலில் கிடந்தார். ஒரு செருப்பைக் காணவில்லை. அவ்வளவு பாரத்தைத் தனியாளாக இழுத்துப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்கியது. இன்னும் கையை விடவில்லை.

"விக்கப் போற சாமானை ஏன் உப்பிடிப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒருக்கா றோட்டிலை விட்டிட்டுப் போனது காணும்," என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆரணி தொலைபேசியை இறக்கிப் பையில் வைத்தாள்.

5

அண்ணை சந்தனம் அப்பிய சட்டையோடு வந்தார். "இது நல்ல சகுனமில்லை. திங்கட்கிழமைக்குள்ளை வித்துத் துலை. நான் ஆள் பாத்துத் தாறன்."

"தேசிக்காய் நசிஞ்சுதோ இல்லையோ?" என்று கேட்டேன்.

"நசிஞ்சது."

"அப்ப பூசை முடிஞ்சுது. இனி என்ரை வேலை."

இவர் கராஜுக்குள் போய்ப் பலகையும் காரைத் தூக்குகிற ஜக்கும் கொண்டுவந்தார். பலகையில் ஜக்கை வைத்து மூக்கைத் தூக்கினோம். நான் சில்லைக் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஒரு பிசகும் இல்லை. தட்டை மாட்டிக் காலைப் பலகையில் ஊன்றி, வானைக் கொண்டுவந்து கொழுவினேன். சரிவில் இருக்கிற பாரத்தைக் கையால் தள்ளுவது மடைத்தனம் என்று எல்லோருக்கும் இப்போது விளங்கியிருந்தது. மேலே, சமநிலத்துக்கு வானால்தான் ஏற்ற வேண்டும். பின்னுக்கு எடுக்கப் பயந்துதான் அவ்வளவு நாளும் சில்லு, சில்லு என்று திரிந்தேன். இனிப் பயந்து பிரயோசனம் இல்லை. சாவியை எடுத்தேன்.

"நீயோ?" என்றார் அண்ணை. "ஆம்பிளையளுக்கே உது ஏலாது."

"ஏலாட்டில் நீங்கள் விலத்தி நில்லுங்கோ."

ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பது தலைகீழ் வேலை. வானை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். அண்ணை ஒரு பக்கம் நின்று "ஒடி, ஒடி" என்று ஸ்டியரிங் திருப்புகிற மாதிரிக் கையைச் சுழற்றினார். ஆரணி மறுபக்கம் "லெஃப்ற், அம்மா, நோ, யுவர் அதர் லெஃப்ற்" என்றாள். முதல் தரம் வேலிக்குப் போனது. இரண்டாம் தரம் அண்ணையின் காருக்குக் கிட்டப் போனது. நான் வான் யன்னலை இறக்கி, "எல்லாரும் வாயை மூடுங்கோ!" என்று கத்தினேன். எங்கள் அண்ணையை நோக்கி எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை இப்படிச் சொன்னதில்லை. அவர் வாயை மூடினார்.

அந்த அமைதியில் பக்கக் கண்ணாடியைப் பார்த்து மெதுவாக விட்டேன். கொஞ்சம் போய், கோணினால் முன்னுக்கு எடுத்து நேராக்கி, திரும்பவும் விட்டேன். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். எதிர்வீட்டுக்காரர் கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ட்ரெயிலர் சுவருக்கும் வேலிக்கும் நடுவே சீமெந்துத் தரையில் நேராகப் போய் நின்றது. கட்டைகளை இறுக்கிவிட்டு, வானைக் கழற்றி, சில்லைப் பூட்டினேன். இந்தத் தரம் இவர் கைபிடியைச் சுழற்றினார், நான் ஊசியைச் செருகினேன். பிறகுதான் கட்டைகளை எடுத்தோம். அண்ணையும் ஆரணியும் இவரும் தள்ள, நான் மூக்கைப் பிடித்து வழி காட்ட, வீட்டு மூலையில் ஒரு பெரிய மாடு திரும்புகிற மாதிரி ஆறுதலாகத் திரும்பிப் பின்வளவுக்குள் போனது. ஆரணி கையைத் தட்டினாள். அடுத்த சனிக்கிழமையும் வரலாமா என்று கேட்டாள். அவளாக அப்படிக் கேட்டு வெகுகாலம்.

திங்கட்கிழமை அந்த அதிகாரி வந்தார். பின்வளவுக்குப் போய்ப் பார்த்தார். வழக்கம்போல இவரைப் பார்த்து, விற்கவில்லையா என்று கேட்டார்.

"மை வைஃப்ஸ் ட்ரெயிலர். ஆஸ்க் ஹேர்," என்றார் இவர். "ஐ ஒன்லி புஷ்."

அதிகாரி சிரித்துவிட்டு, அதன் பிறகு முழுவதையும் என்னிடம் கேட்டார். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போனார்.

நிறுத்தி வைக்கும்போது பாரத்தைச் சின்னச் சில்லில் விடக்கூடாது. நான் குந்தியிருந்து அதைக் கழற்றித் தட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். இவர் ட்ரெயிலருக்குள் ஏறினார். அது வந்த நாளிலிருந்து அவர் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தரம். அலுமாரிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. தொட்டிக் குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீட்டிப் படுத்திருந்தார்.

"இஞ்சேரும், யன்னல் பக்கம் எனக்கு," என்றார் கூரையைப் பார்த்தபடி.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கதவுப் பக்கம் படுக்கிற மனிதர் அவர். யாராவது வந்து தட்டினால் முதலில் தான் எழும்ப வேண்டும் என்று ஊரில் தொடங்கியது. பிறகு முகாமில், பிறகு கொழும்பு லொட்ஜில், பிறகு இந்த வெக்ஸ்போர்ட் வீட்டில், ஒருவரும் தட்டாத இத்தனை வருடமும், கதவுப் பக்கம்தான்.

"யன்னல் நான் எடுத்தாச்சு," என்றேன். "நீங்கள் நடுவிலை படுங்கோ. கதவுப் பக்கம் சாப்பாட்டுப் பெட்டி கிடக்கட்டும்."